ஃப்ரீ ஃபங்க் கேட்கப் பழகுவது: படிப்படியான முழு வழிகாட்டி

ஃப்ரீ ஃபங்க் என்ற இசையை முதன்முறை கேட்பவர்களில் பலர் இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். தாளம் ஆடச் சொல்கிறது. ஆனால் சாக்ஸபோன் ஒரு பக்கம் போகிறது, கிடார் இன்னொரு பக்கம் போகிறது, பேஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்திக்கருவி எதற்கும் கட்டுப்படாமல் பாடிக்கொண்டிருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று தெரியாமல் காது சோர்ந்துபோகிறது. வழி தெரிந்துவிட்டால் இதே இசை அள்ளிக்கொண்டு போகும். அந்த வழியைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

1970களின் நடுவில் நியூயார்க்கை மையமாகக் கொண்டு உருவான இசை இது. கட்டுப்பாடுகளை உதறிய ஃப்ரீ ஜாஸும், ஜேம்ஸ் பிரவுன் வளர்த்தெடுத்த ஃபங்கும் கலந்து பிறந்தது. ஆனால் 'ஃபங்க் தாளத்தின்மேல் ஒருவர் கட்டுப்பாடில்லாமல் சாக்ஸபோன் ஊதுவது' என்று இதைப் புரிந்துகொண்டால் முதல் அடியிலேயே வழி தவறிவிடும். இந்த இசையில் பக்கவாத்தியம் என்று யாரும் கிடையாது. பேஸும் டிரம்ஸும் கிடாரும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் தத்தம் வழியில் பாடுகின்றன. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

தேவையான பொருள் ஒன்றுதான்: காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன். கைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் காணாமல் போய்விடும். பேஸ் கேட்காவிட்டால் ஃப்ரீ ஃபங்கில் பாதி இல்லை.

முதல் படி: முதல் அடியைப் பிடியுங்கள்

ஜேம்ஸ் பிரவுன் 1967-ல் வெளியிட்ட 'கோல்ட் ஸ்வெட்' பாடலில் தொடங்குங்கள். அமெரிக்கக் கறுப்பின நடனப் பாடல்களில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது அடிகளுக்குத்தான். பிரவுன் அந்த அழுத்தத்தை முதல் அடிக்குக் கொண்டுவந்தார். பாடலின் பெரும்பகுதி ஒரே கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரத்தொகுப்பில், நிற்கிறது. எனவே காதுக்கு அடுத்த கார்ட் எங்கே என்ற தவிப்பு இல்லை. கிடார் மெட்டு வாசிக்காமல் தாளக்கருவியாகிவிடுகிறது. பித்தளைக் கருவிகள் வெட்டு வெட்டாக விழுகின்றன.

நான்கு அடி கொண்ட ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் அடிக்கு மட்டும் கைதட்டுங்கள். மற்ற மூன்றையும் உடம்புக்கே விட்டுவிடுங்கள். பாடல் முழுவதும் தவறாமல் தட்ட முடிந்தபின் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, க்ளைட் ஸ்டபுள்ஃபீல்டின் டிரம்ஸை மட்டும் தொடருங்கள். எந்த அடி எங்கே தள்ளிவைக்கப்படுகிறது என்று கவனியுங்கள்.

இந்தப் பாடலின் பித்தளைப் பகுதியை அமைத்த பீ வீ எல்லிஸ், ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' தந்த தாக்கத்தில் அதை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். ஃபங்க் பிறந்த வீட்டிலேயே ஜாஸ் இருந்தது. பின்னால் இரண்டும் சேர்ந்தபோது அது ஒட்டுப்போட்டதுபோல ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: சுதந்திரத்துக்குள் இருக்கும் மெட்டு

அடுத்து ஆர்னெட் கோல்மன். டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1930-ல் பிறந்தவர். இந்தக் கதையின் நடுநாயகம் அவர்தான். 1959-ல் வெளிவந்த 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தின் முதல் பாடலான 'லோன்லி வுமன்' கேளுங்கள். பியானோ இல்லை. பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸில் விரைந்து ஓடுகிறார். சார்லி ஹேடனின் பேஸ் கீழே கனமாக முனகுகிறது. அந்த ஓட்டத்துக்குச் சற்றும் அவசரப்படாமல், கோல்மனின் ஆல்டோ சாக்ஸபோனும் டான் செர்ரியின் கார்னெட்டும் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஒரு துயர மெட்டை மெதுவாக, ஏறத்தாழ ஒன்றாக, இழுத்துப் பாடுகின்றன. வேகமும் நிதானமும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, இரண்டும் இடித்துக்கொள்வதில்லை.

மெட்டு மனப்பாடமாகும் வரை இந்தப் பாடலைக் கேளுங்கள். பிறகு, கோல்மன் தனியாக வாசிக்கும் பகுதியில் அந்த மெட்டை உங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தொடருங்கள். அவர் வாசிப்பது கார்டுகளின் வரிசையிலிருந்து வருவதில்லை, மெட்டிலிருந்து வருகிறது என்பது அப்போது தெரியும். கோல்மனை இரைச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இதோடு 1960 டிசம்பரில் பதிவான 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தையும் தொட்டுவிடுங்கள். சுமார் 37 நிமிடம் நீளும் ஒரே படைப்பு. இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே அறையில் வாசிக்கின்றன. ஸ்டீரியோ பதிவில் ஒரு குழு இடது காதிலும் மற்றது வலது காதிலும் வருகின்றன. முழுதாகக் கேட்பது கடினமாக இருந்தால் வலது காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கிவிட்டு இடது பக்கக் குழுவை மட்டும் சிறிது நேரம் கேளுங்கள். பிறகு மாற்றுங்கள். பிறகு இரண்டையும் சேருங்கள். நெரிசல் என்று தோன்றியது உரையாடலாக மாறுவதைக் கேட்பீர்கள். இரட்டைக் குழு என்ற இந்த எண்ணம் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஃபங்க் உடையில் திரும்பி வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டும் கைகோத்த இடம்

இங்கே ஒரு பாடல் போதும். ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஃப்ரீ ஜாஸ் குழு 1970-ல், பாரிசில் தங்கியிருந்த காலத்தில், ஒரு பிரெஞ்சுப் படத்துக்காகப் பதிவுசெய்த 'தீம் டி யோயோ'. பேஸும் டிரம்ஸும் அசைக்கமுடியாத ஃபங்க் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. அதன்மேல் ஃபோன்டெல்லா பாஸ் பாடுகிறார்; 1965-ல் 'ரெஸ்க்யூ மீ' என்ற வெற்றிப் பாடலைப் பாடிய அதே சோல் பாடகி. பித்தளைக் கருவிகள் ஒழுங்கான வரியை வாசித்துவிட்டு, இடைவெளி கிடைத்ததும் கட்டறுத்துச் சிதறுகின்றன; மறுகணம் ஒன்றுமே நடக்காததுபோல வரிக்குத் திரும்புகின்றன. முதல் படியில் பழகிய கைதட்டலை இங்கே செய்து பாருங்கள். சிதறும் இடங்களிலும் கை நிற்காமல் விழவேண்டும்.

மைல்ஸ் டேவிஸின் 'ஆன் த கார்னர்' (1972) ஆல்பத்தையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். அருமையான ஆல்பம், பாதல் ராயின் தபலா அதில் ஒலிக்கிறது. ஆனால் அதில் தாளம் ஒரு சுழலும் தளமாகக் கீழே இருக்கிறது, மற்றவர்கள் அதன்மேல் வந்துபோகிறார்கள். நான் சொல்லும் சமத்துவம் அதில் இல்லை. பக்கத்துத் தெரு என்று வைத்துக்கொண்டு பிறகு போய்க் கேளுங்கள்.

நான்காம் படி: ஹார்மலோடிக்ஸ் என்பதைப் பயமில்லாமல் புரிந்துகொள்ளுங்கள்

தன் இசைமுறைக்குக் கோல்மன் வைத்த பெயர் ஹார்மலோடிக்ஸ். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புதிர்போல எழுதியிருக்கிறார்கள். கேட்பவருக்கு வேண்டிய அளவு எளியதுதான்: இசைவு (ஹார்மனி), அசைவு (மூவ்மென்ட்), மெட்டு (மெலடி) ஆகிய மூன்றும் சம உரிமை உடையவை, எதுவும் மற்றதற்கு ஏவலாள் இல்லை.

நடைமுறையில் இது எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு சான்று. மேற்கத்தியக் குறியீட்டில் 'சி' என்று எழுதியிருப்பதைப் பியானோ வாசித்தால் 'சி' கேட்கும். அதே எழுத்தை ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தால் 'ஈ ஃப்ளாட்' கேட்கும். டிரம்பெட் வாசித்தால் 'பி ஃப்ளாட்'. கருவிகளின் அமைப்பு அப்படி. வழக்கமாக இசையமைப்பாளர்கள் இதைச் சரிக்கட்டி, ஒவ்வொரு கருவிக்கும் மாற்றி எழுதிக்கொடுப்பார்கள். சரிக்கட்டாமல் ஒரே தாளை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே மெட்டு, ஒரே வடிவம், வெவ்வேறு சுருதியில் பக்கம்பக்கமாக நடக்கும். பாடப்புத்தகம் அதைப் பிழை என்று சொல்லும். கோல்மன் அதைச் செழிப்பு என்று கேட்டார். அதற்கும் மேலே போய், மெட்டின் வடிவத்தைக் கைவிடாத வரை யாரும் எந்தக் கணத்திலும் சுருதியையும் ஸ்தாயியையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று தன் குழுவைப் பழக்கினார்.

ஆகவே இந்த இசையில் 'சுருதி சேரவில்லையே' என்று தோன்றும் இடங்களில் நிறுத்தாதீர்கள். அங்கே மெட்டின் வடிவம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: 'ஆஃப் ஹ்யூமன் ஃபீலிங்ஸ்'

பெரும்பாலான அறிமுகங்கள் 'டான்சிங் இன் யுவர் ஹெட்' ஆல்பத்தில் தொடங்கச் சொல்லும், அதுதான் முதலில் வந்தது என்பதால். நான் அதற்கு உடன்படவில்லை. 1979 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவாகி, மூன்று ஆண்டு கழித்து 1982-ல் வெளிவந்த 'ஆஃப் ஹ்யூமன் ஃபீலிங்ஸ்' ஆல்பத்தில் நுழையுங்கள். எட்டுப் பாடல்கள், எல்லாம் சிறியவை, பதிவு தெளிவானது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும். வாசிப்பது கோல்மனின் மின்னிசைக் குழுவான ப்ரைம் டைம்: பெர்ன் நிக்ஸ், சார்லி எல்லர்பி ஆகிய இரண்டு கிடார்காரர்கள், பேஸில் ஜமாலதீன் டகூமா, டிரம்ஸில் கோல்மனின் மகன் டெனார்டோவும் கால்வின் வெஸ்டனும்.

'ஜம்ப் ஸ்ட்ரீட்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை சாக்ஸபோனைக் கேட்கவே கேட்காதீர்கள். டகூமாவை மட்டும் தொடருங்கள். சாதாரண ஃபங்க் பேஸ் நான்கைந்து சுரங்களால் ஆன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்தத் திரும்புதலில்தான் அதன் போதை. சுமார் இருபது வயதில் கோல்மனிடம் வந்த டகூமா அப்படி ஓரிடத்தில் தங்குவதில்லை. கோல்மன் ஒரு சொற்றொடரை முடிக்கும் முன்பே அதன் பாதியை எடுத்து வேறு சுருதியில் திருப்பிச் சொல்கிறார், மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பாடுகிறார், சட்டென்று கீழே இறங்கி முதல் அடியில் கால் ஊன்றுகிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஆடும் கால்களுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை.

இரண்டாம் முறை கிடார்கள். நிக்ஸின் ஒலி தெளிவானது, மெட்டை ஒட்டி நடப்பது. எல்லர்பி தாளத்தை வெட்டிக் கொடுப்பவர். இருவரையும் பிரித்துக் கேட்க முடிகிறதா பாருங்கள். மூன்றாம் முறை டிரம்ஸ். நான்காம் முறைதான் சாக்ஸபோன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நம் காது தானாகவே சாக்ஸபோனை முன்னால் வைத்து மற்றவர்களைப் பக்கவாத்தியம் ஆக்கிவிடும்; அந்தப் பழக்கத்தை உடைப்பதற்குத்தான் இந்த வரிசை. முதலில் பேஸைக் கேட்டவருக்கு, கடைசியில் கோல்மன் பேஸுக்குப் பதில் சொல்பவராகத் தெரிவார். உண்மையும் அதுதான்.

ஆறாம் படி: 'டான்சிங் இன் யுவர் ஹெட்'

இப்போது பெரும்பகுதி பாரிசில் பதிவாகி 1977-ல் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு வரலாம். ஃப்ரீ ஃபங்கின் பிறப்பு இங்கேதான் என்று தயங்காமல் சொல்வேன். டிரம்ஸில் கோல்மனின் ஊர்க்காரர் ரொனால்ட் ஷானன் ஜாக்சன். பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது 'தீம் ஃப்ரம் எ சிம்ஃபனி' என்ற ஒரே மெட்டின் இரண்டு வடிவங்கள். முதல் வடிவம் மட்டும் 15 நிமிடத்துக்கு மேல்.

மெட்டோ ஒரு குழந்தை பாடக்கூடியது. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுடன் கோல்மன் 1972-ல் பதிவுசெய்த 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெரும் படைப்பில் இது ஏற்கெனவே வந்த மெட்டு. இங்கே குழு முழுவதும் அதைத் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப, விடாமல், சலிக்காமல் வாசிக்கிறது. இந்தத் திரும்புதல் வேண்டுமென்றே செய்தது. மெட்டு உங்கள் உடம்பில் ஏறும் வரை விடமாட்டார்கள். அது ஏறியபின் கோல்மன் கிளம்புகிறார். நீங்கள் அவரோடு ஓடவேண்டாம். மெட்டை உள்ளுக்குள் அதே வேகத்தில் பாடிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் விந்தை ஒன்று நடக்கும்: அவர் எவ்வளவு தொலைவு போனாலும் நீங்கள் முணுமுணுப்பதற்கு அது பொருந்திக்கொண்டே இருக்கும். கிடார்களும் அந்த மெட்டின் துணுக்குகளைத்தான் பிய்த்துப் போடுகின்றன என்பதும் தெரியும்.

ஆல்பத்தின் கடைசியில் வரும் 'மிட்நைட் சன்ரைஸ்' சின்னப் பதிவு. பலர் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். 1973 ஜனவரியில் மொராக்கோவின் மலைக்கிராமமான ஜஜூக்காவில், அங்குள்ள பரம்பரை இசைக்கலைஞர்களோடு கோல்மன் வாசித்தது அது. அவர்களுடைய கைத்தா என்ற குழல், நாகசுரத்தைப் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் கருவி. பல குழல்கள் ஒரே மெட்டை ஊதும்போது ஒவ்வொன்றின் சுருதியும் இம்மியளவு விலகி நிற்கும். ஒலி தடித்து, காற்றே அதிர்வதுபோல இருக்கும். கீழே முரசுகள் ஓயாது. ப்ரைம் டைமின் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் கோட்பாட்டு விளக்கங்களைவிட இந்தச் சில நிமிடங்கள் நன்றாகச் சொல்லிவிடுகின்றன.

ஏழாம் படி: கிளைகளில் ஏறுங்கள்

கோல்மனிடம் வாசித்தவர்கள் தனித்தனியே கிளம்பினார்கள். கிடார்கலைஞர் ஜேம்ஸ் பிளட் உல்மர் தென் கரோலினாவிலிருந்து வந்தவர். தேவாலயப் பாடலும் ப்ளூஸும் அவர் குரலிலேயே இருக்கின்றன. கிடாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்கு, வெவ்வேறு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிக்கும் முறையை அவர் கையாண்டார். கார்ட் என்ற எண்ணமே அதில் கரைந்துபோகிறது. 'ஆர் யூ க்ளாட் டு பி இன் அமெரிக்கா?' (1980) லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் வெளியிட்டது. பங்க் ராக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இசைக்கு வந்தது இப்படித்தான். ஆனால் எனக்கு மிக நெருக்கமானது 'ஒடிசி' (1983). கிடார், டிரம்ஸ், சார்லஸ் பர்ன்ஹாமின் வயலின், அவ்வளவுதான். பேஸே இல்லாமல் ஃபங்க் எப்படி நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வயலினும் கிடாரும் கிராமத்து நடன இசைபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்; பேஸ் இல்லை என்பதே சிறிது நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

ரொனால்ட் ஷானன் ஜாக்சன் 1979-ல் தொடங்கிய டிகோடிங் சொசைட்டி வேறு சுபாவம். 'மேன்டான்ஸ்' (1982) ஆல்பத்தில் இரண்டு பேஸ்கள். அணிவகுப்பு முரசுபோல டிரம்ஸ் பாய்ந்து செல்ல, பித்தளைக் கருவிகள் நீளமான மெட்டுகளை நிதானமாகப் பாடும். அதில் கிடார் வாசித்த வெர்னன் ரீட் பின்னர் லிவிங் கலர் ராக் குழுவை அமைத்தார்.

டிராம்போன் கலைஞர் ஜோசப் போவியின் டீஃபங்க்ட் குழு 1980-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் இவற்றுள் மிக எளிதாக ஆடவைப்பது. நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய அதையே எடுப்பேன்.

எட்டாம் படி: கருவி வாசிப்பவர்களுக்கு

மூன்று பேர் இருந்தால் போதும்: கிடார், பேஸ், டிரம்ஸ். நான்கு அல்லது எட்டுச் சுழற்சிக்குள் முடியும் ஓர் எளிய மெட்டைத் தேர்ந்தெடுங்கள். மூவரும் அதை வாயால் பாடப் பழகவேண்டும், டிரம்ஸ்காரர் உட்பட. அவர் பாடிவிட்டு, மெட்டின் ஏற்ற இறக்கத்தைத் தன் டிரம்களின் ஏற்ற இறக்கத்தில் கொண்டுவர வேண்டும். இது கைகூடும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரப்படும் குழுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பிறகு மூவரும் ஒரே சுருதியில், மிதமான வேகத்தில், மெட்டை மட்டும் நெடுநேரம் வாசியுங்கள். அடுத்து பேஸ் மட்டும் வேறு சுரத்திலிருந்து அதே மெட்டைத் தொடங்கட்டும். முதலில் காது கூசும். விடாமல் வாசித்தால் இரண்டு வரிகளும் தனித்தனிக் குரல்களாகப் பிரிந்து நிற்கும். அதன்பின் ஒவ்வொருவராக மெட்டிலிருந்து விலகலாம்: ஒருவர் பாதி வேகத்தில், ஒருவர் இரட்டை வேகத்தில், ஒருவர் கடைசிச் சொற்றொடரை மட்டும் பிடித்துக்கொண்டு. நிபந்தனை ஒன்றே: நான்கு சுழற்சிக்கு ஒருமுறை முதல் அடியில் மூவரும் ஒன்றாக விழவேண்டும். பழகப் பழக எட்டு, பதினாறு என்று இடைவெளியை நீட்டுங்கள்.

ஒத்திகையைக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். மூன்று குறைகளைத் தேடுங்கள். பேஸ் களைப்பில் ஒரே வரிக்குள் ஒதுங்கிவிட்டதா? கிடார் பழக்கத்தால் கார்ட் போட்டு மற்றவர்களுக்குத் துணைபோகத் தொடங்கிவிட்டதா? சத்தம் ஏறிக்கொண்டே போகிறதா? மூன்றாவது மிகக் கேடானது. மற்ற இருவரின் மெட்டும் கேட்கும் அளவுக்குத்தான் ஒருவர் சத்தம் வைக்கவேண்டும்.

இதற்குப் பிறகு

1980களின் நடுவில் புரூக்ளினில் ஸ்டீவ் கோல்மன், கிரெக் ஆஸ்பி, கசாண்ட்ரா வில்சன் போன்றவர்கள் எம்-பேஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களும் ஃபங்கையும் ஜாஸையும் சேர்த்தார்கள். ஆனால் அங்கே ஒற்றைப்படைத் தாளச் சுழற்சிகளின் கணக்கு முன்னால் நிற்கும். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், இளமையில் ஸ்டீவ் கோல்மனின் குழுக்களில் வாசித்துத் தேறியவர். தாளத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகலாம். ஆர்னெட் கோல்மனின் பிற்காலத்தைத் தொடர விரும்பினால் 'டோன் டயலிங்' (1995). 'ஆன் த கார்னர்' ஆல்பத்தில் வாசித்த அதே பாதல் ராய் இதில் ப்ரைம் டைமோடு தபலா வாசிக்கிறார்.

எதற்குப் போவதற்கு முன்பும் 1987-ல் வெளிவந்த 'இன் ஆல் லாங்குவேஜஸ்' இரட்டை ஆல்பத்தை வைத்து உங்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் செர்ரி, ஹேடன், ஹிக்கின்ஸ் அடங்கிய அந்தப் பழைய நால்வர் குழு. இரண்டாவதில் ப்ரைம் டைம், இப்போது கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் இரண்டிரண்டாக. பல பாடல்கள் இரண்டு தட்டுகளிலும் உண்டு. 'பீஸ் வாரியர்ஸ்', 'ஃபீட் மியூசிக்' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நால்வர் குழுவில் ஹேடனின் பேஸ் என்ன செய்கிறது, ப்ரைம் டைமில் அந்த வேலையை யார் யார் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.